அந்தகக்கவி வீரராகவ முதலியார்

அந்தகக்கவி வீரராகவ முதலியார் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் தமிழ்ப் புலவர் ஆவார். தொண்டை நாட்டில், காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த சிற்றூர்ப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். கண்பார்வை இல்லாதவர். ஏட்டில் எழுதவும் ஏட்டைப் பார்த்துப் படிக்கவும் இயலாத நிலையிலும் உலா, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் ஆகிய பலவகை இலக்கியங்களை இயற்றியவர் என்பது இவரது தனிச்சிறப்பு. இவர் பாடிய தனிப்பாடல்கள் நகைச்சுவைக்கும் சொல்நயத்துக்கும் பெயர் பெற்றவை. எதுகையால் பிணைக்கப்பட்ட ஈரடிகளாகிய கண்ணிகளால் அமைந்த திருவாரூர் உலா இவருடைய நூல்களுள் குறிப்பிடத்தக்கதாகும்.

பெயர்

இவரது இயற்பெயர் வீரராகவன். அந்தகம் என்னும் சொல் பார்வையின்மையைக் குறிக்கும். பார்வையற்ற கவிஞர் என்ற பொருளில் அந்தகக்கவி என்னும் அடைமொழி பெயரோடு சேர்ந்து வழங்கியது. தம் பாடல்களில் இவர் தம்மைக் கவி வீரராகவன் என்றே குறிப்பிட்டுக் கொள்கிறார். பிற்காலத்தில் வாழ்ந்த பார்வையற்ற புலவர் வேறு சிலரும் அந்தகக்கவி எனப்பட்டதால், இவரை முழுப்பெயரால் குறிப்பதே வழக்கமாயிற்று.

ஊரும் காலமும்

இவர் பிறந்த ஊர் காஞ்சிபுரத்தை அடுத்த பூதூர் என்றும், தந்தையார் பெயர் வடுகநாத முதலியார் என்றும் புலவர் வரலாறுகள் கூறுகின்றன. பின்னர் பொன்விளைந்தகளத்தூரில் வாழ்ந்தார். நளவெண்பா இயற்றிய புகழேந்திப் புலவர் பிறந்த ஊராகச் சொல்லப்படுவதும், தொண்டைமண்டல சதகம் பாடிய படிக்காசுப் புலவர் பிறந்ததும் இக்களத்தூரே ஆகும்.

காஞ்சிபுரம், உத்திரமேரூர், செங்கல்பட்டு ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட இந்நிலம் ஏரிப் பாசனத்தை நம்பிய உழவர் ஊர்களைக் கொண்டது. நீண்டகாலம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி 1997இல் காஞ்சிபுரம் மாவட்டத்தின் பகுதியானது. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது களத்தூரும் திருக்கழுக்குன்றமும் அதில் சேர்ந்தன. உத்திரமேரூர் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே தொடர்கிறது.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. ஊர்ச்சபை உறுப்பினராகத் தகுதியுள்ளோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடும் முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. நிலம், வயது முதலியவற்றோடு, வேதப் பகுதிகளைக் கற்றுப் பிறருக்கு ஓதுவிக்கும் திறனும் ஒரு தகுதியாக அவற்றில் கொள்ளப்பட்டது. கல்லிலும் ஓலையிலும் எழுதும் வழக்கு வேரூன்றிய இந்நாட்டில், கல்வி என்பது மனத்தில் வைத்து வாயால் சொல்லும் ஆற்றலாகவும் மதிக்கப்பட்டது என்பதை இதனால் அறியலாம். வீரராகவர் போன்ற ஒருவர் புலவராக முடிந்ததற்கு இப்பின்னணியும் ஒரு காரணமாகும்.

கல்வி

பார்வையற்ற சிறுவனுக்கு ஆசிரியர் எழுத்துகளை முதுகில் விரலால் எழுதிக் காட்டிக் கற்பித்தார் என்பது இவரைப் பற்றி வழங்கும் பழைய செய்தி. எழுத்தின் வடிவத்தைத் தொடுகையாலும், நூல்களைக் கேள்வியாலும் இவர் கற்றார். ஏடுகளைத் தம் மனத்திலேயே எழுதிப் படித்தவராக இவர் தம்மைப் பற்றிப் பெருமிதத்தோடு கூறிக்கொண்ட பாடல் ஒன்று புகழ் பெற்றது.

அக்காலக் கல்வி முறையும் இதற்கு இடம் தந்தது. இலக்கணம், நிகண்டு, நீதிநூல் ஆகிய அனைத்தும் செய்யுளாகவே இருந்தன. மாணவர்கள் அவற்றை முதலில் மனப்பாடம் செய்து, பிறகு பொருள் கேட்டனர். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும் பதினோராம் தொகுதி எதுகை வரிசையில் அமைந்துள்ளது. அதாவது, இரண்டாம் எழுத்து ஒத்த சொற்கள் அதில் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டுள்ளன. சொற்களை அகர வரிசையில் அடுக்கிய அகராதி நிகண்டு 1594இல்தான் தோன்றியது. அகர வரிசை கண்ணால் தேடுவோருக்கு உதவுவது. எதுகை வரிசை நினைவில் தேடுவோருக்கு உதவுவது. பார்வையுள்ள மாணவரும் எதுகை வழியே சொல்லைத் தேடிய அக்காலத்தில், பார்வையற்ற மாணவர் அவர்களுக்குப் பெரிதும் பின்தங்க வேண்டியிருக்கவில்லை.

கண்ணியும் எதுகையும்

வீரராகவரின் புலமையை விளங்கிக்கொள்ளக் கண்ணி என்னும் யாப்பு உறுப்பை அறிதல் வேண்டும். இரண்டிரண்டு பூக்களாக வைத்துத் தொடுக்கும் மாலைக்குக் கண்ணி என்று பெயர். அதுபோல இரண்டிரண்டு அடிகளாகத் தொடுக்கப்படும் செய்யுள் பகுதியும் கண்ணி எனப்பட்டது. உலா, தூது ஆகிய சிற்றிலக்கியங்கள் கலிவெண்பாவில் அமைந்த கண்ணிகளால் ஆனவை. தமிழ்விடு தூது 268 கண்ணிகளைக் கொண்டது. தாயுமானவரின் பராபரக்கண்ணி 389 கண்ணிகளைக் கொண்டது. இவற்றுள் பராபரக்கண்ணியின் ஒவ்வொரு கண்ணியும் தனித்து நின்று பொருள் தரும். உலாவிலும் தூதிலும் கண்ணிகள் சங்கிலிபோல் ஒன்றோடொன்று தொடர்ந்து செல்லும்.

கண்ணியின் இரண்டு அடிகளையும் பிணைப்பது எதுகை. முதல் எழுத்து அளவில் ஒத்திருக்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகையாகும். கடல், மடல், உடல் ஆகிய சொற்கள் தம்முள் எதுகை பெறும். இவற்றில் முதலெழுத்து குறிலாகவும் இரண்டாம் எழுத்து டகரமாகவும் இருப்பதைக் காணலாம். நாடு, காடு, வீடு ஆகியவை நெடில் முதலாகிய வேறோர் எதுகைக் கூட்டம். ஆங்கிலம் முதலிய மொழிகளின் கவிதையில் ஒலி இயைபு பெரும்பாலும் அடியின் கடைசியில் வருகிறது. தமிழ்ச் செய்யுளில் அது அடியின் தலையில் வருகிறது. அடியின் கடைசியில் ஒன்றி வரும் இயைபும் தமிழில் உண்டு. மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை ஆகிய தொடைகளைத் தொல்காப்பியச் செய்யுளியல் கூறுகிறது. எனினும் மரபுச் செய்யுளில் முதலிடம் பெற்றவை மோனையும் எதுகையுமே.

உலாவில் வரும் கண்ணியில் முதலடி நான்கு சீர்களைக் கொண்டது. இரண்டாம் அடியின் நான்காம் சீர் தனிச்சொல்லாக நிற்கும். முதலடியின் முதற்சீர், இரண்டாம் அடியின் முதற்சீர், தனிச்சொல் ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே எதுகையில் அமையும். மேற்கண்ட எடுத்துக்காட்டின்படி, முதலடி கடல் என்று தொடங்கினால், இரண்டாம் அடி மடல் என்று தொடங்கலாம். உடல் என்பது தனிச்சொல்லாக நிற்கலாம். தனிச்சொல் ஒலியால் தன் கண்ணியைச் சேர்ந்தது. பொருளால் அது அடுத்த கண்ணிக்குள் நுழைந்து செல்லும். இவ்வாறு ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது. இதனோடு வெண்டளை என்னும் ஓசைக் கட்டுப்பாடும் சேர்வதால், இடையில் ஒரு சீர் தவறினாலும் சொல்பவர் காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஏட்டில் எழுதிப் பாடும் புலவருக்கு இவ்விதிகள் செய்யுளின் அழகாகும். எழுத இயலாத வீரராகவருக்கு அவை அழகோடு கருவியும் ஆயின. நூற்றுக்கணக்கான அடிகளை மனத்திலேயே இயற்றி, வரிசை மாறாமல் வைத்திருந்து, பின்பு ஒருவர் எழுதும்படி சொல்ல வேண்டியிருந்த அவருக்கு, எதுகை அடுத்த அடியின் தொடக்கத்தையும் தனிச்சொல் அடுத்த கண்ணியின் பொருளையும் நினைவூட்டின. ஏட்டின் வேலையை யாப்பே செய்தது எனலாம்.

திருவாரூர் உலா

திருவாரூரில் கோயில் கொண்டுள்ள தியாகராசப் பெருமானைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டது திருவாரூர் உலா. இறைவனோ அரசனோ வீதியில் பவனி வர, பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் ஆகிய ஏழு பருவப் பெண்கள் கண்டு காதல் கொள்வதாகப் பாடுவது உலா இலக்கியத்தின் மரபாகும். சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞான உலா இவ்வகையில் முதல் நூலாகக் கருதப்படுகிறது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழர் மூவர் மீது பாடிய மூவருலா இவ்வகைக்கு நிலையான வடிவம் தந்தது. காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் மீது இரட்டைப் புலவர்கள் பாடிய உலா வீரராகவரின் பகுதியிலேயே முன்னோடியாக இருந்தது.

உலா முழுவதும் காட்சியை அடிப்படையாகக் கொண்ட இலக்கியம். தலைவனின் அணிகலன், ஊர்தி, கொடி, உடன் வருவோர், வீதி, மாடம், பெண்களின் தோற்றம், பருவந்தோறும் மாறும் ஒப்பனை ஆகியவை அதில் வரிசையாக வருணிக்கப்படும். காண்பதால் விளையும் காதலே அதன் பொருள். எதையும் கண்டறியாத ஒருவர் இவ்விலக்கியத்தைத் தேர்ந்து பாடியது வியப்புக்குரியது. எனினும் இவ்வருணனைகளுக்கு உரிய உவமைகளும் சொல்வரிசைகளும் நெடுங்கால மரபில் அமைந்தவை. முன்னோர் நூல்களைக் கேட்டே கற்ற புலவருக்கு அவை காதின் வழியாகவே கிடைத்தன. பவனியில் முழங்கும் இசைக்கருவிகளும் அடியவர் ஒலியும் அவர் நேரில் அறிந்தவையே.

1905ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் திருவாரூர் உலாவைப் பதிப்பித்தார். மனத்தில் தோன்றி, பிறர் கையால் ஏடேறிய இந்நூல் அச்சுக்கு வந்த வரலாற்றில் இப்பதிப்பு முக்கியமானதாகும்.

வள்ளல்களும் பயணங்களும்

அக்காலப் புலவர்கள் வள்ளல்களையும் சிற்றரசர்களையும் நாடிச் சென்று பாடிப் பரிசில் பெற்று வாழ்ந்தனர். தம் வருகையையோ வேண்டுகோளையோ பாடலாக ஓலையில் எழுதி அனுப்புவது சீட்டுக்கவி எனப்பட்டது. சீட்டுக்கவி பாடுவதில் வீரராகவர் தேர்ந்தவர். அவ்வகைப் பாடல்களில் தம் புலமையைத் தயக்கமின்றி எடுத்துக் கூறுகிறார். பார்வையற்றவர் என்ற இரக்கத்தை எதிர்பாராமல், கவிஞர் என்ற மதிப்பையே கோருவது அவற்றின் தன்மையாகும்.

இவர் ஈழத்துக்குச் சென்று யாழ்ப்பாண அரசனைப் பாடி யானை முதலிய பரிசில்களைப் பெற்றார் எனக் கூறப்படுகிறது. அவ்வரசன் பரராசசேகரன் என்றும் பரராசசிங்கம் என்றும் குறிக்கப்படுகிறான். பார்வையற்றவரைக் காண்பது தீய நிமித்தம் என்று எண்ணிய அரசன் இடையே திரையிட்டு அமர்ந்திருந்ததாகவும், பாடலின் சிறப்பைக் கேட்டு மனம் மாறியதாகவும் ஒரு செவிவழிக் கதை உண்டு. இதனை உறுதிப்படுத்தும் சான்று இல்லை. எனினும், உடற்குறையைத் தீவினையின் பயனாகக் கருதிய காலத்தில் ஒரு பார்வையற்ற புலவர் எதிர்கொண்ட தடையை இக்கதை உணர்த்துகிறது.

பரராசசேகரன், செகராசசேகரன் என்பவை யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்திகள் மாறி மாறிச் சூடிய பட்டப்பெயர்கள். போர்த்துக்கேயர் 1619இல் அவ்வரசைக் கைப்பற்றினர். எனவே இப்பயணச் செய்தி உண்மையாயின், அது 1619ஆம் ஆண்டுக்கு முன்னர் நிகழ்ந்திருக்க வேண்டும். அவ்வாறு கொண்டால் இவருடைய காலம் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமையும்.

தனிப்பாடல்கள்

வீரராகவரைப் பொதுமக்களிடையே நிலைபெறச் செய்தவை தனிப்பாடல்களே. அவற்றுள் பாணனுக்கும் அவன் மனைவிக்கும் இடையே நிகழும் உரையாடலாக அமைந்த பாடல் பெரிதும் அறியப்பட்டது. வள்ளலைப் பாடிப் பரிசு பெற்றுத் திரும்பிய பாணனிடம், என்ன கொண்டு வந்தாய் என்று மனைவி கேட்கிறாள். அவன் யானை கொண்டு வந்ததை யானையைக் குறிக்கும் வெவ்வேறு சொற்களால் கூறுகிறான். அவளோ ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ள மற்றொரு பொருளைக் கொள்கிறாள். களபம் என்றால் சந்தனக் கலவை என்று எண்ணிப் பூசிக்கொள்ளச் சொல்கிறாள். மாதங்கம் என்றால் மிகுந்த பொன் என்று மகிழ்கிறாள். வேழம் என்றால் கரும்பு, பகடு என்றால் உழவு மாடு, கம்பமா என்றால் கம்பு மாவு என்று கொள்கிறாள். இறுதியில் கைம்மா என்றதும் உண்மை விளங்கிக் கலங்கிப் போகிறாள்.

பாடலின் நகைச்சுவைக்கு அடியில் வறுமை இருக்கிறது. மனைவி கற்பனை செய்த ஒவ்வொன்றும் வீட்டுக்குப் பயன்படும் பொருள். சோற்றுக்கு வழியில்லாத வீட்டில் யானைக்கு எவ்வாறு தீனி போடுவது என்பதே அவளது கலக்கம். வள்ளலின் பெருமைக்கு ஏற்ற பரிசு புலவரின் தேவைக்கு ஏற்றதாக அமையாததை இப்பாடல் நயமாகச் சுட்டுகிறது.

இப்பாடலின் நான்கு அடிகளும் ஒரே எதுகையில் தொடங்குகின்றன. யானையின் பல பெயர்களுள் கம்பமா என்பது இவ்வெதுகைக்கு இசைவதால் கடைசி அடியின் தலையில் நிற்கிறது. பாடலைச் சொல்பவர் அடுத்த பெயரை மறந்தாலும் எதுகை அதனை மீட்டுத் தருகிறது. ஏடு காணாத மக்களும் இப்பாடலைப் பிழையின்றிச் சொல்லி வந்ததற்கு இவ்வமைப்பு துணை செய்தது.

வழிப்பயணத்தில் இவரது கட்டுச்சோற்றை நாய் கவ்விச் சென்றபோது பாடியதாகச் சொல்லப்படும் பாடல் மற்றொன்று. நாயை வயிரவரின் வாகனமாகவும், சோற்றைக் குறிக்கும் அன்னம் என்ற சொல்லின் இரட்டைப் பொருளைக் கொண்டு அதனை நான்முகனின் வாகனமாகவும் இவர் கூறுகிறார். சோற்றைக் கவ்விய நாய், திருமாலின் வாகனமாகிய கருடனைப் போல விரைந்து மறைகிறது. பிறகு ஆட்டை வாகனமாகக் கொண்ட அக்கினி வயிற்றில் பற்றிக்கொள்கிறான். பசித்தீ என்பதை இவ்வாறு குறிப்பிடுகிறார். தம் இழப்பையும் பசியையும் புலம்பலாகப் பாடாமல் விடுகதையாக மாற்றிய பாடல் இது. இதிலும் நான்கு அடிகளும் ஒரே எதுகையால் கோக்கப்பட்டுள்ளன.

ஏனைய நூல்கள்

இவர் இயற்றியனவாகக் கூறப்படும் பிற நூல்களுள் சில:

சேயூர்க் கலம்பகம்
சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ்
திருக்கழுக்குன்றப் புராணம்
திருக்கழுக்குன்ற மாலை
சந்திரவாணன் கோவை

இவற்றுள் சேயூரும் திருக்கழுக்குன்றமும் இவர் வாழ்ந்த பகுதியைச் சேர்ந்த ஊர்கள். கலம்பகம் பலவகைப் பாக்களையும் இனங்களையும் கலந்து பாடுவது. பிள்ளைத்தமிழ் பெரும்பாலும் நீண்ட ஆசிரிய விருத்தங்களால் ஆனது. யாப்பு வகைகள் பலவற்றையும் இவர் மனத்திலேயே கையாண்டார் என்பதை இந்நூல்கள் காட்டுகின்றன.

ஒப்பீடு

தமிழ் இலக்கிய வரலாற்றில் பார்வையற்ற புலவர்கள் வேறு சிலரும் உள்ளனர். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்களாகக் கருதப்படும் இரட்டைப் புலவர்களுள் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் கால் ஊனமுற்றவர். ஒருவர் வெண்பாவின் முதல் இரண்டு அடிகளைப் பாட, மற்றவர் பின் இரண்டு அடிகளைப் பாடி முடிப்பார் என்பது வழக்கு. முன்னவர் அமைத்த எதுகையும் தளையும் பின்னவருக்கு வழிகாட்டின. 19ஆம் நூற்றாண்டில் பழனியில் வாழ்ந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலரும் பார்வையற்றவரே.

வீரராகவர் வாழ்ந்த அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஜான் மில்ட்டன் 1652இல் முழுமையாகப் பார்வையை இழந்தார். அதன்பின் பிறருக்குச் சொல்லி எழுதுவித்த இழந்த சொர்க்கம் என்னும் காப்பியம் 1667இல் வெளியாயிற்று. அக்காலத்து ஆங்கிலக் கவிஞர் பலர் அடி இறுதியில் ஒலி இயையும் ஈரடிகளைப் பெரிதும் கையாண்டனர். மில்ட்டன் அவ்வியைபை வேண்டாத தளையாகக் கருதி, இயைபற்ற அடிகளில் பாடினார். அதற்கான விளக்கத்தையும் நூலில் பின்னர் சேர்த்தார்.

இருவரும் பார்வையற்றவர்கள், இருவரும் சொல்லி எழுதுவித்தவர்கள். ஒருவர் ஒலி இயைபைத் தளை என்று நீக்கினார், மற்றவர் அதனையே கைக்கோலாகக் கொண்டார். இவ்வேறுபாட்டுக்கு இரு மொழிகளின் யாப்பும் ஒரு காரணமாகும். அடியின் இறுதியில் வரும் இயைபு, அடியைச் சொல்லி முடித்த பிறகே நிறைவேறுகிறது. கவிஞர் கூற வந்ததை அந்த இறுதியை நோக்கி வளைக்க வேண்டியுள்ளது. அடியின் தலையில் வரும் எதுகை, சொல்லத் தொடங்கும்போதே வழி காட்டிவிடுகிறது. அதன்பின் அடியின் எஞ்சிய பகுதி பொருளுக்கு இடம் தருகிறது. மேலும் மில்ட்டன் நடுவயது வரை படித்தும் எழுதியும் பழகியவர். வீரராகவரோ தொடக்கம் முதலே கேள்வியால் மட்டும் கற்றவர்.

பாடல்கள் நிலைபெற்ற முறை

வீரராகவரின் பெரிய நூல்கள் ஓலைச்சுவடிகளால் காக்கப்பட்டன. தனிப்பாடல்கள் பெரும்பாலும் மக்களின் நினைவில் வாழ்ந்தன. 19ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் விருப்பப்படி தில்லையம்பூர்ச் சந்திரசேகர கவிராச பண்டிதர் பல புலவர்களின் தனிப்பாடல்களைத் தொகுத்துத் தனிப்பாடல் திரட்டு என்னும் பெயரில் வெளியிட்டார். வீரராகவரின் பாடல்களும் தனிப்பாடல் திரட்டுகளில் இடம்பெற்றுள்ளன.

பாடலோடு சேர்ந்து அது பிறந்த சூழலைக் கூறும் கதைகளும் வழங்கின. கதைகள் சொல்பவருக்கேற்ப மாறியுள்ளன. வள்ளலின் பெயர், ஊர், பரிசு ஆகியவை வெவ்வேறாகக் கூறப்படுகின்றன. ஆனால் பாடல்கள் அந்த அளவுக்கு மாறவில்லை. உரைநடையில் ஒரு சொல்லை மாற்றினால் வேறுபாடு தெரியாது. எதுகையும் தளையும் உள்ள செய்யுளில் ஒரு சொல்லை மாற்றினால் ஓசை கெடும். இதனால் இவரது வாழ்க்கையைப் பற்றி உறுதியாகக் கூறக்கூடியது குறைவாகவும், இவரது சொற்கள் உறுதியாகக் கிடைப்பது மிகுதியாகவும் உள்ளன.

மதிப்பீடு

எதுகை பொருளைக் கட்டுப்படுத்தும் வெறும் ஒலி அணி என்ற கருத்து 20ஆம் நூற்றாண்டில் புதுக்கவிதையின் வளர்ச்சியோடு வலுப்பெற்றது. இடத்தை நிரப்புவதற்காக எதுகைச் சொல்லைத் தேடி அமைத்த செய்யுள்கள் மிகுந்திருந்ததால் அக்கருத்துக்கு நியாயமும் உண்டு. அந்தகக்கவி வீரராகவரின் வாழ்க்கை அதன் மற்றொரு பயனைக் காட்டுகிறது. எழுதுகோலும் ஏடும் பயன்படாத ஒருவர், இரண்டிரண்டு அடிகளாகக் கோத்து, ஒரு நகரத்துப் பவனி முழுவதையும் மனத்தில் நடத்திக் காட்டினார். அவர் மறைந்த பின்னரும், படிக்கத் தெரியாதவர்கள் அவர் பாடல்களைப் பிழையின்றிச் சொல்ல முடிந்தது. இவ்விரண்டுக்கும் துணைநின்றது எதுகையே ஆகும்.